புளுகாண்டிக்கு மீசை வைத்தவள்

மருதாள் அந்த பனியன் கம்பெனியின் குழந்தைகள் காப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்ததே தரணீதரனைப் பழிவாங்கத்தான். வீட்டுக்காரர் கந்தப்பனிடம் சொன்ன காரணம் வேறு. "நல்லூருக்குள்ளயே வேலைங்க. பொழுதோட நடந்தே ஊடு வந்தரலாம். தையல் மாதிரி முதுகும் ஒடியாது" என்றாள். அவர் நம்பினார். கம்பெனி பெயரைக் கேட்டதும் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார்.

ஐந்து வருஷத்துக்கு முன் அதே கம்பெனியில் மருதாள் ஓவர்லாக் மெஷினில் ஓரம் தைக்கிற டெய்லர். மகள் தேவிப்பிரியாவுக்கு அப்போது நாலு வயசு. மெஷின் ஹாலை ஒட்டிய ஓர் அறையைக் காப்பகமாக்கி, அங்கேதான் தைக்கிற பெண்களின் பிள்ளைகளை விட்டிருந்தார்கள். தரணீதரன் அப்போது லைன் சூப்பர்வைசர். குழந்தை அழுகிற சத்தம் அவனுக்கு ஆகவே ஆகாது. பிள்ளை அழுதால் தாய் மெஷினை விட்டு எழுவாள். ஒருத்தி எழுந்தால் வரிசையாகத் தைக்கிற அந்த லைனே நிற்கும். சரக்கைக் கப்பலேற்ற வேண்டிய தேதி நெருங்குகிற நாட்களில் அவனே காப்பகத்துக்குள் போவான். அதட்ட மாட்டான், அடிக்க மாட்டான். முட்டி போட்டு உட்கார்ந்து, மெதுவான குரலில் சொல்லுவான்:

"அழுகற புள்ளைகளோட அம்மாவெல்லாம் பஸ் ஏறிப் போயிட்டாங்க. இனி வரவே மாட்டாங்க. வாயை மூடிட்டு இருந்தா, வர்றதா வேண்டாமான்னு யோசிப்பாங்க."

குழந்தைகள் கப்சிப்பென்று ஆகிவிடும். காரியம் முடிந்ததென்று அவன் எழுந்து போய்விடுவான்.

தேவிப்பிரியா மட்டும் வாயை மூடிக்கொண்டு உட்காரவில்லை. அம்மா ஏறின பஸ்ஸை நிறுத்தக் கிளம்பிவிட்டாள். துணி லாரி உள்ளே வருவதற்காக கேட்டைத் திறந்திருந்தார்கள். லாரிக்கும் சுவருக்கும் இடையில் நுழைந்து காங்கயம் ரோட்டுக்குப் போன குழந்தையை ஒரு பைக் இடித்துத் தள்ளியது. வாட்ச்மேன் ராக்கையாதான் ஓடிப்போய்த் தூக்கி வந்தார். காறை எலும்பு முறிந்து, மோவாய் கிழிந்து ரத்தம் சட்டையெல்லாம் ஊறியிருந்தது. நூல் வெட்டும் டிரிம்மரை விரலில் மாட்டியபடியே மருதாள் ஓடி வந்தாள். அத்தனை பேர் முன்னால் தரணீதரன் கேட்டான்: "ஒரு புள்ளைய அடக்கி வெக்கத் தெரியாதவ எல்லாம் எதுக்கு வேலைக்கு வர்றது?"

அந்த வாரமே அவளை நிறுத்திவிட்டார்கள். நடந்தது என்னவென்று ஆஸ்பத்திரிக்கு வந்த ராக்கையா சொன்னார். "எங் காதால கேட்டேன் தாயீ. அம்மா பஸ் ஏறிப் போயிட்டான்னு அந்த ஆளு புள்ளைகிட்ட சொன்னாரு. நான் லாரியைப் பாத்துக்கிட்டு நின்னுட்டேன்" என்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

எலும்பு கூடிவிட்டது. பயம் கூடவே தங்கிவிட்டது. காலையில் கண் விழித்ததும் தேவிப்பிரியா கேட்பாள்: "நீ வருவியாம்மா?" பல் தேய்க்கும்போது கேட்பாள், ஜடை பின்னும்போது கேட்பாள், பள்ளிக்கூட வேன் ஹாரன் அடித்ததும் சாப்பிட்டதை அப்படியே வாந்தி எடுப்பாள். அம்மா குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே சேலை நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பொங்கலூரில் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். டாக்டர் டானிக் எழுதிக் கொடுத்தார். "சத்தியமா வருவேன் கண்ணு" என்று மருதாள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். சத்தியம் செய்து வாய் மூடுவதற்குள் அடுத்த "வருவியா?" வந்து நின்றது. அந்தக் கேள்விக்குத் தீனி போடப் போட அது கொழுத்துக்கொண்டே போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தோசைக்கு மாவு வழித்துக்கொண்டிருந்தபோது மருதாளுக்குப் பொறுமை போய்விட்டது. "சரி, நான் வரல. அப்புறம் என்ன ஆகும் சொல்லு" என்றாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் பிள்ளை அழவில்லை, யோசித்தது.

"நான் ஸ்கூல்லயே உக்காந்திருப்பேன்."

"அப்புறம்?"

"எல்லாரும் போயிருவாங்க. ஆயா கேட்டைப் பூட்டிரும்."

"அப்புறம்?"

"நான் சத்துணவு ரூம்ல தூங்குவேன்."

"அப்புறம்?"

"காலைல ஆயா என்னையக் கத்திரிக்கான்னு நெனச்சுச் சாம்பார்ல போட்டுரும்."

சொல்லிவிட்டுத் தேவிப்பிரியாவே சிரித்துவிட்டாள். அவள் வாய்விட்டுச் சிரித்து எத்தனை மாதம் ஆயிற்றென்று மருதாளால் கணக்குச் சொல்ல முடியவில்லை. மாவுக் கையோடு பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து "வருவியா?" என்ற கேள்வி வந்தால் அவள் பதில் சொல்வதில்லை. "உள்ள இருந்து யாரு கண்ணு கேக்கறது? புளுகாண்டியா?" என்பாள். பூச்சாண்டிக்குத் தம்பி போல அந்தப் பெயர் தானாக வந்தது. நடக்காததை எல்லாம் நடக்கும் என்று காதுக்குள் ஓதுகிறவன் புளுகாண்டி. அவனை மிரட்டக்கூடாது, விரட்டவும் கூடாது. பேச விட்டு, "அப்புறம்?" "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே போனால் போதும். கடைசியில் அவனுக்கே உளறல் வந்துவிடும். தேவிப்பிரியா சாப்பிட ஆரம்பித்தாள், வேனில் ஏற ஆரம்பித்தாள். ஆனால் அந்தக் கம்பெனி இருக்கிற ரோட்டுப் பக்கம் மட்டும் கால் வைக்க மாட்டாள்.

மகள் தேறத் தேற மருதாளின் ஆத்திரம் அடங்கவில்லை, தெளிவாயிற்று. பஸ் ஏறிப் போய்ப் பக்கத்து ஊர்ப் பால்வாடியில் உதவியாளாக இருந்தவள், அந்தக் கம்பெனிக் காப்பகத்துக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்ட அன்றே போய் நின்றாள்.

முதல் நாள் தரணீதரன் எதிரே வந்தான். இப்போது புரொடக்‌ஷன் மேனேஜர். கழுத்தில் சிவப்பு நாடாவில் அடையாள அட்டை, நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்ட கண்ணாடி, அடர்ந்த மீசை.

"புதுசா? பேரென்ன?"

"மருதாளுங்க."

"புள்ளைக சத்தம் வெளிய வரக்கூடாது. அவ்வளவுதான்."

போய்விட்டான். அவனுக்கு அவள் முகமும் நினைவில்லை, பெயரும் நினைவில்லை. தன்னைப் பார்த்து அவன் முகம் சுளித்திருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு எரிந்திருக்காது. மறந்தே போயிருந்தான். அவன் டீயில் மெஷின் எண்ணெயை ஊற்றலாமா, வண்டிச் சக்கரத்தில் ஊசியைச் செருகலாமா என்று அன்று பூராவும் யோசித்தாள். எதுவும் போதாது என்று பட்டது.

சில நாளிலேயே அந்தக் குரலைக் காதால் கேட்டாள். விருதுநகர்ப் பக்கமிருந்து பிழைக்க வந்த பாண்டியம்மாளின் மகள் ஜோதிகா அழுதுகொண்டிருந்தது. தரணீதரன் உள்ளே வந்து முட்டி போட்டான். "அழுகற புள்ளைகளோட அம்மாவெல்லாம்…" ராக்கையா சொல்லிக் கேட்டிருந்த அதே வார்த்தை, அதே மெதுவான குரல். குழந்தை வாயைப் பொத்திக்கொண்டது. அன்றைக்குச் சோற்றைத் தொடவில்லை. மறுநாளும் தொடவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி ரோட்டையே பார்த்து நின்றது. மருதாள் ஹெச்.ஆர். மேடத்திடம் போய்ச் சொன்னாள். "சார் சும்மா வெளையாட்டுக்குச் சொல்லியிருப்பாருங்க, இதையெல்லாம் பெருசு பண்ணாதீங்க" என்று மேடம் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

விளையாட்டுத்தானா? சரி, விளையாட்டே விளையாடலாம் என்று மருதாள் முடிவு செய்தாள்.

கட்டிங் டேபிளுக்கு அடியில் குவிந்து கிடந்த பனியன் துணி வேஸ்ட்டை அள்ளி வந்து அடைத்து, மொழுக்கென்று ஒரு பொம்மை செய்தாள். "இவன்தான் புளுகாண்டி. நம்ம காதுக்குள்ள உக்காந்துட்டு இல்லாததெல்லாம் சொல்றவன். ஏங்கண்ணு ஜோதிகா, உன்ற காதுல இன்னைக்கு என்ன சொன்னான்?"

ஜோதிகா ஜன்னலை விட்டுத் திரும்பாமலே சொன்னது: "எங்கம்மா வராதாம்."

"அப்படியா சொன்னான்? அப்புறம்?"

"நான் இங்கனயே இருக்கணுமாம்."

"அப்புறம்?"

"பெரியாளாயிருவேனாம்."

"அப்புறம்?"

"எனக்குத் தாடி மொளச்சுரும்."

மற்ற குழந்தைகள் குலுங்கிச் சிரித்தன. மருதாள் பொம்மையைக் காதில் வைத்துக்கொண்டு, "நேத்தும் இதையேதான் சொன்னான். நேத்து உன்னையக் கூட்டிட்டுப் போக யாரு வந்தா?" என்றாள்.

"எங்கம்மா."

"அப்ப இவன் யாரு?"

"புளுகாண்டி!" என்று அறையே கத்தியது. பிறகு அவன் சொன்னதையே வாத்துக் குரலில், தவளைக் குரலில், மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராகச் சொல்லிப் பார்த்தார்கள். அன்று மத்தியானம் ஜோதிகா தட்டைக் காலி செய்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்த நாள் மருதாள் கறுப்பு நூலால் பொம்மைக்கு அடர்த்தியாக ஒரு மீசை தைத்தாள். கழுத்தில் சிவப்பு நாடா கட்டினாள். நெற்றிக்கு மேல் கம்பியில் ஒரு கண்ணாடி வளைத்து மாட்டினாள். பொம்மை குழந்தைகளுக்காக. மீசை தனக்காக. குழந்தைகள் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிட்டன. செருப்பைக் கழற்றி அடித்தன. மருதாள் தடுக்கவில்லை. ஒவ்வொரு அடிக்கும் அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

தாய்மார்கள் மூலம் பெயர் மெஷின் ஹாலுக்குப் போனது. தரணீதரன் லைனுக்குள் நடந்தால், "புளுகாண்டி வர்றாருடி" என்று ஒருத்தி நூலைக் கடிக்கிற சாக்கில் முணுமுணுப்பாள். வரிசை முழுக்கத் தோள்கள் குலுங்கும். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவனுக்குப் புரியவில்லை. சட்டையைக் குனிந்து பார்த்துக்கொள்வான்.

துணி வாங்குகிற வெளிநாட்டு ஆட்கள் கம்பெனியைச் சுற்றிப் பார்க்க வருகிற நாளுக்காக மருதாள் காத்திருந்தாள். காப்பகத்துக்கு வெள்ளையடித்து பலூன் கட்டியிருந்தார்கள். முதலாளி, ஹெச்.ஆர். மேடம், விருந்தாளிகள், மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு பெண் என்று கூட்டமாக உள்ளே வந்தார்கள். தரணீதரன் முன்னால் வந்து, எல்லோரும் பார்க்கும்படி ஜோதிகாவின் கன்னத்தைத் தட்டி, "என்ன பாப்பா, நல்லாருக்கியா?" என்றான்.

ஜோதிகா நிமிர்ந்து பார்த்து, பயமே இல்லாமல் கேட்டது: "எங்கம்மா பஸ் ஏறிப் போயிருச்சு, வரவே வராதுன்னு சொன்னீகள்ல? அப்புறம்?"

அவன் சிரிக்கப் பார்த்தான். இன்னொரு குழந்தை, "அப்புறம்?" என்றது. அப்புறம் எல்லாக் குழந்தைகளும் கைதட்டிக்கொண்டு, "அப்புறம்? அப்புறம்?" என்று அவனைச் சூழ்ந்துகொண்டன. மொழிபெயர்க்கிற பெண் தயங்கித் தயங்கி விருந்தாளிகளிடம் சொன்னாள். அதில் ஒரு பெண்மணியின் முகம் மாறியது. அவர் ஹெச்.ஆர். மேடத்தைத் தனியே அழைத்துப் பேசினார். தரணீதரனின் நெற்றியில் வேர்வை துளிர்த்து, ஏற்றிவிட்ட கண்ணாடி சறுக்கி மூக்கில் விழுந்தது. மருதாள் மூலையில் நின்று கண் சிமிட்டாமல் பார்த்தாள். ஒரு துளியும் சிந்தாமல் குடிக்கிற மாதிரி பார்த்தாள்.

மறுநாள் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டான். "புள்ளைகளத் தூண்டி விட்டது நீதானே? உன்னையத் தூக்க எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது."

"தூக்குங்க சார். கேட்டுக்கு வெளிய நின்னு, வர்ற ஒவ்வொருத்தருக்கும் சொல்றேன். என்ற பேரு உங்களுக்கு நெனவில்ல. என்ற புள்ள பேரு தேவிப்பிரியா. உங்க பேச்சைக் கேட்டு பஸ்ஸை நிறுத்தப் போயி ரோட்டுல உழுந்து கெடந்தா."

அவனுக்கு நினைவு வந்தது முகத்தில் தெரிந்தது. "அதுக்கு நான் என்ன பண்றது? கேட்டைத் தொறந்து போட்டது வாட்ச்மேன்" என்றான்.

மருதாள் வெளியே வந்தாள். அவமானப்படுத்தியது போதாது என்று அப்போதுதான் தெரிந்தது. அவன் அழ வேண்டும். அவன் பிள்ளை அழுவதை அவன் பார்க்க வேண்டும்.

வேண்டியது வந்து சேர்ந்தது. காலாண்டு லீவில் தரணீதரனின் மனைவியைப் பித்தப்பை ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். பார்த்துக்கொள்ள ஆளில்லை. ஒரு காலையில் ஐந்து வயது மகள் மிதுனாவைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் காப்பக வாசலில் நின்றான்.

"சாயங்காலம் வரைக்கும்… பாத்துக்க முடியுங்களா?" 'ங்க' முதல் முறையாக வந்தது.

"பேஷா பாத்துக்கறேனுங்க சார்" என்று மருதாள் சிரித்தாள். அவன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

மிதுனா தண்ணீர் பாட்டிலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு நின்றது. "அப்பா எப்ப வருவாங்க ஆன்ட்டி?"

மருதாள் முட்டி போட்டு உட்கார்ந்தாள். ஐந்து வருஷமாக மனப்பாடமான வாக்கியம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. மெதுவான குரலில் சொன்னால் போதும். "உங்கப்பா…" என்று ஆரம்பித்தும் விட்டாள்.

அதற்குள் ஜோதிகா பொம்மையோடு ஓடி வந்தது. "இதுதான் உங்கப்பா! புளுகாண்டி!" என்று செருப்பால் அதன் மீசையில் ஓங்கி அடித்தது. மற்ற குழந்தைகளும் சேர்ந்துகொண்டன. சிரிப்பும் கூச்சலுமாக அடி விழுந்தது.

மிதுனா அழவில்லை, ஓடவில்லை. பாட்டிலைப் பிடித்த கை விறைத்து நின்றது. பாவாடை நனைந்து தரையில் ஈரம் பரவியது. கண் மட்டும் பொம்மையை விட்டு நகரவில்லை.

அந்தப் பார்வை மருதாளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் தேவிப்பிரியா அப்படித்தான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். அந்த வாக்கியத்தை அவள் சொல்லவில்லைதான். சொல்லாமலே, இந்தப் பிஞ்சுகளைக் கொண்டு செய்துவிட்டாள்.

மிதுனாவைத் தூக்கிப்போய்க் கழுவி வேறு துணி மாற்றினாள். திரும்பி வந்து எல்லாக் குழந்தைகளையும் உட்கார வைத்து, டிரிம்மரை எடுத்துப் பொம்மையின் மீசையை அறுத்தாள். நாடாவை அவிழ்த்தாள். கண்ணாடியைப் பிய்த்து எறிந்தாள்.

"புளுகாண்டிக்கு மூஞ்சி கெடையாது கண்ணுகளா. மிஸ்தான் தப்பா வெச்சுட்டேன். இவன் யாரோட அப்பாவும் இல்ல. எல்லார் காதுக்குள்ளயும் இருக்கறவன். மிதுனா காதுலயும் இருப்பான்."

மிதுனா வெகு நேரம் கழித்து, மடியில் இருந்தபடி காதோடு சொன்னது: "எங்கம்மா ஆஸ்பத்திரில இருந்து வரமாட்டாங்களாம்."

இது புளுகா இல்லையா என்று மருதாளுக்கே தெரியாது. இதற்கு 'அப்புறம்?' கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. "அம்மா எப்ப வருவாங்கன்னு எனக்கே தெரியாது சாமி. அப்பாகிட்டக் கேக்கலாம். புளுகாண்டி டாக்டரா?"

"இல்ல."

"ஆஸ்பத்திரிக்குப் போயிப் பாத்தானா?"

"இல்ல."

"பாக்காமயே சொல்றான் பாரு, திருட்டுப் பய."

மிதுனா பொம்மையை வாங்கி, அதன் வாய் இருக்க வேண்டிய இடத்தைக் கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டது. "டாக்டர் சொல்ற வரைக்கும் நீ பேசாத" என்றது. அதை யாரும் சொல்லித் தரவில்லை.

சாயங்காலம் தரணீதரன் வந்தபோது மருதாள் பிள்ளையைக் கொடுத்துவிட்டு வழியை மறித்து நின்றாள்.

"உங்க புள்ள இன்னைக்குப் பயத்துல பாவாடைய நனைச்சுட்டா. அதுக்குக் காரணம் நான். எப்படின்னு சொல்றேன், கேளுங்க." பொம்மை, மீசை, செருப்பு, நாக்கு நுனி வரை வந்த வாக்கியம், எதையும் மறைக்கவில்லை. அவன் முகம் வெளுத்தது, மகளை இறுக்கிக்கொண்டான். "நான் செஞ்சதை நான் சொல்லிட்டேனுங்க. உங்களுக்கு அஞ்சு வருசம் ஆச்சு. நீங்க எப்பச் சொல்லப்போறீங்க?"

"யார்கிட்டச் சொல்லணும்?"

"என்ற புள்ளைகிட்ட."

தோளில் முகம் புதைத்திருந்த மகளைப் பார்த்துவிட்டு அவன் சரியென்று தலையாட்டினான். தேவிப்பிரியா கேட்டுக்குள் வரமாட்டாள். அதனால் அவன்தான் வெளியே வரவேண்டியிருந்தது. ஷிப்ட் விட்டு எல்லோரும் போகிற நேரம் வேண்டும் என்று மருதாள் கேட்டாள். அதில் ஒரு இம்மியும் விட்டுக்கொடுக்கவில்லை. அப்பா கையை விடமாட்டார் என்ற பிறகே தேவிப்பிரியா அந்த ரோட்டுக்கு வர ஒப்புக்கொண்டாள்; கந்தப்பன் அவளைக் கூட்டி வந்து ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்றார். தரணீதரன் பஸ்ஸுக்கும் பைக்குக்கும் வழி விட்டு ரோட்டைத் தாண்டி வந்து, அந்தப் பிள்ளை முன் நின்றான். பாண்டியம்மாள், ராக்கையா என்று பாதி லைன் அங்கேயே நின்றுவிட்டது.

"கண்ணு, அன்னைக்கு உங்கம்மா பஸ் ஏறல. உள்ளதான் தச்சுட்டு இருந்தாங்க. நான் சொன்னது பொய்."

"தெரியுங்க" என்றாள் தேவிப்பிரியா. மோவாய்த் தழும்பைத் தடவிக்கொண்டே அவனை ஏறிட்டுப் பார்த்தாள். "எதுக்குங்க சொன்னீங்க?"

"லைன் நின்னுரும்னு…" என்று ஆரம்பித்தவனுக்கு அதற்கு மேல் வரவில்லை. அத்தனை பேர் முன்னால் அப்படியே நின்றான். கண் கலங்கியதா, ரோட்டுத் தூசியா என்று சொல்ல முடியவில்லை. கலங்கியதாகவே மருதாள் வைத்துக்கொண்டாள். அது அவளுக்கு இனித்தது. இனித்ததை அவள் மறைக்கவும் இல்லை.

தேவிப்பிரியா அதற்குப் பின் அந்த ரோட்டில் நடக்கிறாள். சில காலைகளில் "வருவியாம்மா?" இன்னும் வருகிறது, கேட்டுவிட்டு அவளே நாக்கைத் துருத்திக்கொள்வாள்.

"இப்ப மனசு ஆறுச்சாக்கா?" என்று பாண்டியம்மாள் ஒருநாள் கேட்டாள்.

"பாதிதானுங்க" என்றாள் மருதாள். "மன்னிப்பெல்லாம் என்னால ஆகாது."

அடுத்த தைக்குள் தரணீதரன் வேலையை விட்டுப் பல்லடம் பக்கம் ஒரு கம்பெனிக்கு மேனேஜராகப் போய்விட்டான். அங்கேயும் குழந்தைகள் காப்பகம் இருக்கிறது என்று மருதாள் விசாரித்துத் தெரிந்துகொண்டாள். ஒரு சனிக்கிழமை லீவு போட்டு, பை நிறையத் துணி வேஸ்ட்டை அடைத்துக்கொண்டு பல்லடம் பஸ் ஏறினாள். அந்தக் காப்பகத்துப் பெண்ணைத் தேடிப் பிடித்து, அவன் யார், என்ன சொல்லுவான், எந்தக் குரலில் சொல்லுவான் என்பதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். பிறகு தரையில் உட்கார்ந்து, குழந்தைகளைச் சுற்றி உட்கார வைத்து, முகமில்லாத ஒரு பொம்மை செய்ய ஆரம்பித்தாள்.